திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டி

மாவிளம்பூண்டியில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு மைக் செட் வந்து இறங்கியதும் தர்மகர்த்தா சுப்பன் செய்கிற முதல் காரியம், ஆம்பிளிஃபயரைத் தூக்கிப் பார்ப்பது. பாட்டுப் போடச் சொல்ல மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். பெட்டியின் இரண்டு பக்கமும் கை கொடுத்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, "உம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்து இறக்கி வைப்பார். அவருக்கு மூச்சு வாங்கினால் நல்ல செட். வாங்காவிட்டால் மட்டம். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி, அந்த ஊரில் மைக் செட்டுக்கு இது.

அந்தச் சித்திரையில் எழிலரசி கொண்டுவந்த பெட்டியையும் அப்படித்தான் தூக்கினார். கனமாக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்த வேகத்தில் பெட்டி மார்பு வரைக்கும் வந்துவிட்டது. மனிதர் பின்னால் தள்ளாடி வேப்பமரத்தில் முதுகை முட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, உள்ள இருந்ததையெல்லாம் ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?"

கோயில் வாசலில் கூடியிருந்த ஜனம் சிரித்த சிரிப்பில் மதில் மேலிருந்த புறா எல்லாம் கிளம்பிவிட்டது.

எழிலரசிக்குக் காது மடல் சுட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "புது டைப்புங்க பெரியப்பா. உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் சின்னது. அதான் கனம் கம்மி. சத்தம் கம்மி கெடையாது."

"கோழிக்குஞ்சுகூடத்தான் கனம் கம்மி. கூவுமா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அது ஆதிமூலம். 'ஆதிமூலம் ரேடியோஸ்' என்றால் செங்கம் ரோட்டு ஓரத்துக் கிராமங்களில் தெரியாதவர் இல்லை. வருஷக்கணக்கில் மாவிளம்பூண்டித் திருவிழாவுக்கு அவருடைய செட்தான். அவருடைய ஆம்பிளிஃபயரை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. மூங்கில் கழியில் கட்டி இரண்டு பேர் தோளில் சுமந்து கொண்டுவருவார்கள். சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். எழிலரசிக்கு அம்மா வழியில் அவர் மாமா முறை. அவள் கல்யாணத்துக்கு இலவசமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவர். அதனால்தான் அந்தக் கோழிக்குஞ்சு அவளை இன்னும் கொஞ்சம் ஆழமாகக் கொத்தியது.

எழிலரசி அவள் குடும்பத்தில் முதல் டிகிரி. அப்பா கல் உடைத்தார், அம்மா நடவுக்குப் போனாள், மகள் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்தாள். காலையில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், மாலையில் தொங்கிக்கொண்டு வந்து, வாங்கிய டிகிரி அது. வேங்கிக்காலில் அவள் வைத்திருக்கும் கடையின் போர்டில் 'எழில் சவுண்ட்ஸ், உரிமையாளர் மு. எழிலரசி, பி.எஸ்ஸி., (இயற்பியல்)' என்று இருக்கும். பெயிண்டர் முதலில் அந்த பி.எஸ்ஸி.யைப் பொடியாக எழுதிவிட்டான். அழித்துவிட்டு, பெயருக்குச் சமமாக எழுது என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று எழுத வைத்தாள். "பேரு அப்பா வெச்சது. இது நான் வாங்கினது. ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கட்டும்" என்றாள்.

அதற்கு முன்பு வேங்கிக்காலிலேயே ஒரு அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் தற்காலிக வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு சவுண்ட் சர்வீஸ் வைக்கிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள். "படிச்ச பொண்ணு ஃபேனுக்குக் கீழ உக்காரணும். குழா கட்ட மரம் ஏறக் கூடாது" என்று சொன்னதும் ஆதிமூலம்தான். புருஷன் கோபி மட்டும், தான் ஓட்டிக்கொண்டிருந்த குட்டியானை வண்டியின் முன் கண்ணாடியில் 'எழில் சவுண்ட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்து நின்றான்.

காதுகுத்து வந்தது, பிறந்தநாள் வந்தது. ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளில் பஜனைக்கு ஒரு மைக், இரண்டு பாக்ஸ் ஸ்பீக்கர் என்று கூப்பிட்டார்கள். ஆனால் கோயில் திருவிழா ஒன்றுகூட வரவில்லை. மாவிளம்பூண்டிக் கூத்துக்குச் சுற்றுப்பட்டு ஜனம் அத்தனையும் வந்து உட்காரும். அங்கே யார் செட்டோ, ஆடி மாதத்துக் கூழ் ஊற்றல் எல்லாம் அவர்களுக்குத்தான். அங்கே 'மட்டம்' என்று பெயர் வாங்கினால் அதோடு கதை முடிந்தது. பழைய ஆபீஸ் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. மாதக் கடைசிக்குள் சொல்லு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பிரண்டு ஃபோன் செய்திருந்தார். மாவிளம்பூண்டி கிடைக்காவிட்டால் அந்த நாற்காலிதான் என்று அவள் தனக்குள்ளேயே முடிவு செய்துவிட்டுத்தான் அன்றைக்கு வண்டி ஏறியிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டது ஊராட்சித் தலைவர் ரேணுகாம்பாள். போன வருஷம் திருவிழாக் கடைசி நாளில், படுகளக் கூத்தன்று கடைசி வரிசையில் நின்று ஒரு வார்த்தை காதில் விழாமல் திரும்பியவள். "ஒரு தடவை வேற செட்டு கேட்டுப் பாப்போம்" என்று கமிட்டியில் பேசி, திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒரு பகல் வேளையில் ஆதிமூலத்தையும் எழிலரசியையும் வரச் சொல்லியிருந்தாள். ஆனால் கேட்பதற்கு முன்னால் சுப்பன் தூக்கிப் பார்த்துவிட்டார்.

கோபி அவள் காதோரம் வந்தான். "வண்டியில ரெண்டு செங்கல் கீது. உள்ள வெச்சி மூடிட்டா வெயிட்டு வந்துடும். அடுத்த ஊருக்காவது..."

"செங்கல்லுக்கு கரன்ட் குடுத்தா பாடுமா? சும்மா இருங்க."

கூத்து வாத்தியார் வேடியப்பனும் கூட்டத்தில் நின்றிருந்தார். துரியோதனன் வேஷத்துக்கு அந்த ஜில்லாவிலேயே பேர் வாங்கியவர். ஐம்பது வயதிலும் ஆறு கட்டையில் எடுப்பார். அவர் சொல்கிற சொல்லுக்குத்தான் அங்கே எடை ஜாஸ்தி. மெதுவாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. போன வருஷம் வேற ஒரு ஊர்ல இந்த மாதிரி லேசுப் பொட்டி ஒண்ணு வெச்சாங்க. என் கொரல் தகரத்துல சாணி அடிச்ச மாதிரி ஆயிடுச்சி. ஆதிமூலம் செட்டுல கொரலுக்கு ஒரு கனம் வரும். அது எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன்."

எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். "கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவீங்களா, வாத்தியாரே?"

"சொல்லுவேன்."

"அப்ப சொல்லுங்க."

அவளுக்கு இந்த யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. போன வருஷம் சென்னையிலிருந்து புது ஸ்பீக்கர் வயர் ஒன்று வரவழைத்திருந்தாள். தடிமனாக, பாம்புச் சட்டை மாதிரி பளபளப்பாக இருக்கும். கோபியிடம் மாற்றச் சொல்லிவிட்டு, அடுத்து வந்த காதுகுத்தில் பாட்டைக் கேட்டுவிட்டு உருகிப் போனாள். "பாத்தீங்களா, வயலின் எப்படித் தனியா நிக்குது! வயர்னா இதான் வயர்." வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். ஒரு நாள் வண்டி சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் தேடும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. புது வயர், பிரிக்காத கவரோடு. கோபி மறந்தே போயிருந்தான். ஒரு வாரம் முழுக்கப் பழைய வயரைத்தான் அவள் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கோபி திட்டு விழும் என்று பயந்தான்; அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றிலிருந்து எதைப் புதிதாக வாங்கினாலும், எது எது என்று தனக்கே தெரியாமல் கோபியை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டுத்தான் முடிவு செய்வாள். எத்தனையோ சாமான் அந்தச் சோதனையில் தோற்றுத் திரும்பிப் போயிருக்கிறது. அந்த லேசுப் பெட்டி மட்டும் தோற்கவில்லை.

"கூத்துல வேஷம் சபைக்கு வரும்போது ரெண்டு பேர் திரையைக் குறுக்கால புடிப்பாங்க இல்ல," என்றாள் எழிலரசி. "நீங்க அதுக்குப் பின்னாடி நின்னுதான் முதல் பாட்டைப் பாடுவீங்க. அப்ப ஜனம் எதைப் பாக்குது வாத்தியாரே? கிரீடத்தையா?"

"கிரீடம் எங்க தெரியும்? கொரலைத்தான் கேக்குது."

"அதே மாதிரி எங்க ரெண்டு பொட்டியும் திரைக்குப் பின்னாடி நின்னு பாடட்டும். குரல் மொதல்ல வரட்டும். ஆளை அப்புறம் பாக்கலாம்."

வேடியப்பனுக்கு அது பிடித்துவிட்டது. கூத்துக்காரரிடம் கூத்துக் கணக்கில் பேசினால் பிடிக்காமல் போகுமா? "எட்றா திரையை" என்றார்.

ஏற்பாடு எளிமையானது. வாத்தியார் ஆர்மோனியத்தோடு தன் துரியோதனன் வரவுப் பாட்டில் நாலு வரி பாடினார்; எழிலரசி அதை எல்லோர் முன்னாலும் லேப்டாப்பில் பதிவு செய்தாள். வெளியே நிற்கும் ஸ்பீக்கர் ஒரே ஜோடி. திரைக்குப் பின்னால் மேசை மேல் இரண்டு ஆம்பிளிஃபயர், நடுவில் ஒரு ஸ்விட்ச். ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளினால் ஆதிமூலம் செட், அந்தப் பக்கம் தள்ளினால் எழிலரசி செட். ஒரே பாட்டு, முதலில் ஒன்றில், அடுத்தது மற்றொன்றில்.

"ஸ்விட்சு யார் கையில?" என்றார் ஆதிமூலம்.

"என் கையில வேணாம், உங்க கையிலயும் வேணாம் மாமா. தலைவரம்மா போடட்டும். எது முதல்லன்னு காசு சுண்டிப் பாத்துப் போடட்டும். நானும் இந்தப் பக்கமே உக்காந்துக்கறேன். என் மூஞ்சியப் பாத்து யாரும் கண்டுபிடிக்க வேணாம்."

ரேணுகாம்பாள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். அவரவர் செட்டை அவரவர் சரிசெய்துவிட்டு வந்தார்கள். வேடியப்பனும் சுப்பனும் ஆதிமூலமும் வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். ஒருத்தர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் இருக்க, வாய் திறக்கக் கூடாது. ஆதிமூலம் செட் முதலில் பாடியது என்று தோன்றினால் இடது கை, இரண்டாவது என்றால் வலது கை.

பாட்டு பாடியது. மூன்று கையும் ஒரே பக்கம் எழுந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ரேணுகாம்பாள், "கரெக்ட்" என்றாள். மறுபடி காசு சுண்டினாள். மறுபடி கரெக்ட். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் கூட்டம் விசில் அடித்தது. ஆதிமூலம் கண்ணை மூடியபடியே மீசையை நீவிக்கொண்டார். "நான் இன்னா சொன்னேன்? காதுன்னு ஒண்ணு கீது இல்ல?"

கோபி எழிலரசியைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தான். செட்டை ஏற்றிவிடலாம் என்று அர்த்தம். நாற்காலி, ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாம் அவள் கண்முன் வந்து வரிசையாக நின்றன. அவளும் கண்ணை மூடினாள். "தலைவரம்மா, இன்னொரு தடவை போடுங்க. நானும் கேக்கறேன்."

கேட்டாள். வித்தியாசம் இருக்கத்தான் செய்தது. ஒன்றில் வாத்தியார் ஒரு அடி முன்னால் வந்து நின்று பாடுவது போல இருந்தது. மற்றதில் ஒரு அடி பின்னால். அவ்வளவுதான். குரலின் நிறம் மாறவில்லை, கிட்டத்தில் வந்தது மட்டும்தான்.

கண்ணைத் திறந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பையிலிருந்து மின் அளவு காட்டும் மல்டிமீட்டரை எடுத்தாள்.

ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்துப் பதிவு செய்து, அதை இரண்டு செட்டிலும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயரில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஆதிமூலம் செட்டில் எண் கொஞ்சம் மேலே நின்றது. அதிகம் இல்லை, குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் வருகிற வித்தியாசம்.

"மாமா, உங்களுது சத்தம் ஜாஸ்தி வெச்சிருக்கீங்க."

"இருக்கும். அதானே என் செட்டோட பவரு!"

"இல்லைங்க மாமா. உங்க குமிழைத் திருப்பினா உங்களுது ஜாஸ்தி. என் குமிழைத் திருப்பினா என்னுது ஜாஸ்தி. சத்தம் இம்மாத்துண்டு கூடினாப் போதும், மனுஷக் காதுக்கு அது சத்தம்னு தெரியாது. நல்லா இருக்குதுன்னுதான் தெரியும். யார் காதா இருந்தாலும் அப்படித்தான், என் காதும்தான். ஒரே ஒரு தடவை நான் ஒரு மாத்தம் பண்றேன். என்னன்னு தலைவரம்மாவுக்கு மட்டும் இப்ப சொல்றேன். கேட்டு முடிச்சதும் எல்லாருக்கும் சொல்லிடறேன். சம்மதமா?"

"பண்ணு, பண்ணு" என்றார் சுப்பன். மூன்று தடவையும் ஜெயித்த தெம்பு அவருக்கு.

எழிலரசி திரைக்குப் பின்னால் போய்த் தன் செட்டின் குமிழை, ஆதிமூலம் செட்டைவிட அதே மயிரிழை மேலே வைத்தாள். ரேணுகாம்பாள் காதில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பாட்டு பாடியது. மூன்று கையும் ஒரே பக்கம், ஒரே நேரத்தில், சந்தேகமே இல்லாமல் எழுந்தது. ஆதிமூலம் கையைத் தூக்கியதோடு நிற்காமல், "ஆஹா, இதான்யா ஆதிமூலம் ரேடியோஸு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். ரேணுகாம்பாள் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அண்ணே, அது கோழிக்குஞ்சு."

அதற்கு எழுந்த சிரிப்பில், முன்பு கிளம்பி வந்து உட்கார்ந்திருந்த புறா எல்லாம் மறுபடி கிளம்பின.

தன் குமிழைத் திருப்பியதை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, எழிலரசி மீட்டரை வைத்து இரண்டு செட்டையும் ஒரே அளவில் நிறுத்தினாள். ஆதிமூலமே மீட்டரைப் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் திரை மறுபடி எழுந்தது. காசு சுண்டல், பாட்டு, கை. இப்போது கைகள் ஆளுக்கொரு பக்கம் போயின. சுப்பன் ஒரு தடவை இரண்டு கையையும் தூக்கினார். ஆதிமூலம் சரியாகச் சொன்னார், தப்பாகச் சொன்னார், மறுபடி தப்பாகச் சொன்னார். வேடியப்பன் தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, மூச்சைப் பிடித்துக் கேட்டார். அவரும் பாதிதான் சரி; காசு சுண்டிச் சொல்லியிருந்தாலும் அதே அளவுக்குச் சரியாக வந்திருக்கும்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். கூட்டம் அவர் வாயையே பார்த்தது. பெரிய மனிதர்கள் இந்த இடத்தில் இருமுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், வெயில் ஜாஸ்தி என்பார்கள். வேடியப்பன் அதெல்லாம் செய்யவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "என் கொரலே எனக்குத் தெரியல. ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. பொய் சொல்லிட்டு அம்மன் முன்னாடி அடுத்த வாரம் அரிதாரம் பூச முடியாது."

எழிலரசிக்கு அந்த நிமிஷம் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் ஆதிமூலம் எழுந்துவிட்டார். துண்டை உதறினார்.

"இருங்க, இருங்க. இந்தப் பரீட்சையே கோளாறு. திரையைக் கட்டி, கண்ணை மூடி, கையத் தூக்கி... இப்படி கேட்டா எதை வெச்சாலும் ஒண்ணாத்தான் தெரியும். யானைக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாது. காது பேஜாராயிடும். இதுல தெரியலன்னா வித்தியாசமே இல்லன்னு அர்த்தமா?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. எழிலரசிக்கும் அது பட்டது. தராசு முள் அசையவில்லை என்றால் இரண்டு தட்டும் சமம் என்றும் இருக்கலாம், முள் துருப்பிடித்துப் போயிருக்கிறது என்றும் இருக்கலாம்.

"நல்ல கேள்வி மாமா. அப்ப இந்தப் பரீட்சைக்கே ஒரு பரீட்சை வெப்போம். ஆம்பிளிஃபயர் மாத்த வேணாம், ஒண்ணே இருக்கட்டும். ஸ்பீக்கரை மாத்துவோம். உங்க குழாய் ஒண்ணு, என் பாக்ஸ் ஒண்ணு. ரெண்டையும் திரைக்குப் பின்னாடி வெச்சிடலாம். அதே பாட்டு, மீட்டர்ல அளந்து ஒரே சத்தம், அதே காசு, அதே கை. இதுலயும் தெரியலன்னா பரீட்சை கோளாறுதான், நான் செட்டை ஏத்திக்கிட்டுப் போயிடறேன்."

கோபி மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டான். "போயிடறேன்னு ஏன்டி சொன்ன?"

"சொல்லணும்" என்றாள்.

திரைக்குப் பின்னால் குழாயும் பாக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ரேணுகாம்பாள் காசைச் சுண்டினாள்.

பாட்டின் முதல் வரி முடிவதற்குள் மூன்று கையும் மேலே போய்விட்டது. கரெக்ட். அடுத்தது, கரெக்ட். அடுத்தது, கரெக்ட். தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் போன பெண்கள் நின்று கேட்டுவிட்டு, "இது குழா, இது பாக்ஸு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். தப்பே வரவில்லை. குழாயில் வாத்தியார் மலைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். பாக்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். 'ர'வும் 'ற'வும் தனித்தனியாகக் கேட்டது.

எழிலரசி எழுந்து நின்றாள். "வித்தியாசம் இருக்கிற எடத்துல இந்தத் திரை கண்டுபிடிச்சிடுது மாமா. இல்லாத எடத்துல இல்லன்னு சொல்லுது. அவ்வளவுதான். பொட்டி கனமா இருந்தா என்ன, லேசா இருந்தா என்ன, ஒழுங்கா செஞ்ச ஆம்பிளிஃபயர் ரெண்டு ஒரே அளவுல பாடினா ஒண்ணுதான். ஸ்பீக்கர் அப்படி இல்ல. வாத்தியாருக்குப் போன வருஷம் அந்த ஊர்ல தகரமாக் கேட்டதும் லேசுப் பொட்டியால இருக்காது. ஸ்பீக்கரா இருக்கும், இல்ல மைக்கா இருக்கும்."

"ஆமாம்மா," என்றார் வேடியப்பன் யோசனையோடு. "அங்க கட்டியிருந்தது ஓட்டைக் குழா."

ரேணுகாம்பாள் சுப்பனைப் பார்த்தாள். சுப்பன் ஆதிமூலத்தைப் பார்த்தார். ஆதிமூலம் திரையைப் பார்த்தார். கடைசியில் அவர்தான் முதலில் பேசினார். "இன்னாத்தைப் பாக்கறீங்க? என் காதே என்னைக் காட்டிக் குடுத்துடுச்சே. கோழிக்குஞ்சைக் கேட்டு ஆதிமூலம் ரேடியோஸுன்னு கத்தினவன் நானு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனா தெருக்கோடிக்கும் கொல்லைமேட்டுக்கும் சத்தம் போகணும்னா குழா வேணும். அத்த ஒத்துக்குவியா?"

"ஒத்துக்குவேன் மாமா. தெருவுக்கு உங்க குழாய், சபைக்கு என் பாக்ஸ். திருவிழா போர்டுல ரெண்டு பேரோட பேரும்."

"யாரு பேரு மேல?"

"நான் பி.எஸ்ஸி. போட்டுக்கறேன். நீங்க மேல போட்டுக்குங்க."

அதற்குச் சிரிக்காமல் இருக்க ஆதிமூலத்தால் முடியவில்லை. சுப்பனும் ரேணுகாம்பாளும் சரி என்று தலையாட்டினார்கள். அங்கேயே நின்று எழிலரசி சூப்பிரண்டுக்கு ஃபோன் போட்டாள். "சார், நாற்காலிக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க சார்" என்றாள். அவர் என்ன சொன்னாரோ தெரியாது. கூட்டத்தின் விசிலில் கேட்கவில்லை.

திருவிழா நடந்தது. கடைசி நாள் காலையில் படுகளம். ஏரிக்கரைக்குக் கீழே அறுவடை முடிந்த வயலில் துரியோதனனைக் களிமண்ணால் மலை மாதிரி படுக்க வைத்திருப்பார்கள். அதைச் சுற்றித்தான் பீமனும் துரியோதனனும் ஓடிப் பிடித்துச் சண்டை போடுவார்கள். கோயிலிலிருந்து அங்கே போக ஒற்றை வரப்புதான் வழி, வண்டி போகாது. ஆதிமூலம் செட் என்றைக்கும் அந்த வரப்பில் போனதில்லை. மூங்கில் கழியோடு இரண்டு பேர் திரும்பவே இடம் இருக்காது. அதனால்தான் வருஷா வருஷம் படுகளத்தில் மைக் இல்லாமல், முன்வரிசைக்கு மேல் ஒன்றும் கேட்காமல் இருந்தது.

எழிலரசி புடவையைத் தூக்கிச் செருகினாள். ஆம்பிளிஃபயரை எடுத்து, பிள்ளையை வைக்கிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வரப்பில் நடந்தாள். பின்னால் கோபி தோளில் ஒரு பாக்ஸ். அவனுக்குப் பின்னால், குட்டி ஜெனரேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, ஆதிமூலம்.

"ஏம்மா, இத்த எப்பம்மா எளைக்க வெக்கப் போற?"

"அடுத்த வருஷம் மாமா. பாத்து வாங்க, வரப்பு வழுக்கும்."

பீமன் துரத்தினான், துரியோதனன் ஓடினான். களிமண் தொடை உடைந்தது. விழுந்து கிடந்த வேடியப்பன் கடைசி வசனத்தைப் பேசினார். கத்தவில்லை, சாகிறவன் பேசுகிற மாதிரி, மெல்லப் பேசினார். இத்தனை வருஷம் கத்தியே செத்த துரியோதனன், அந்த வருஷம்தான் முதன்முதலாக முணுமுணுத்துக்கொண்டு செத்தான். கடைசி வரிசையில், வரப்பு மேல் நின்ற பெண்கள் வரைக்கும் அது போனது. திரௌபதி கூந்தலை முடியும்போது பேசிய ஒவ்வொரு வார்த்தையும் போனது. ரேணுகாம்பாள் வேண்டுமென்றே அன்றைக்கும் கடைசி வரிசையில்தான் நின்றிருந்தாள். அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்த எழிலரசி, சவுண்ட் மிக்சரின் குமிழ்களைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணும் அதே நிலைமைதான்.

அந்த ஆடியில் எழில் சவுண்ட்ஸுக்கு ஓய்வே இல்லை. குட்டியானைக்கு ஸ்டிக்கர் போதாமல் பெயின்ட்டே அடித்துவிட்டான் கோபி. பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் வந்து, "எங்களுக்கும் அந்தத் திரை கட்டிக் காமிங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மீட்டர் ஒன்று ஆதிமூலமும் வாங்கிவிட்டார். சந்தேகம் வந்தால் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

இந்தச் சித்திரையிலும் மாவிளம்பூண்டியில் செட் இறங்கியது. சுப்பன் வந்தார். பழக்க தோஷம், தோளிலிருந்து துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டார். பெட்டிக்கு முன்னால் குனிந்தும்விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து, துண்டை அவிழ்த்து, அதையே எடுத்துத் தன் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"பாட்டப் போடும்மா" என்றார்.